அந்தச் சிவப்பு யாருக்கு எரிந்தது?

அத்தியாயம் 6

முதல் கல் ஜீப்பின் பானெட்டில் விழுந்தது. இரண்டாவது கல் முன் கண்ணாடியைப் பொடிப்பொடியாக்கி, அதை அப்படியே வாஜித்தின் மடியில் கொட்டியது.

"யக்கா, வரவேற்பு பலமா கீது," என்றான் வாஜித், ஸ்டீரிங்குக்குக் கீழே தலையை இறக்கிக்கொண்டு. "ஆரத்தி எடுப்பாங்கன்னு பார்த்தா நேரா அட்சதைக்கு வந்துட்டாங்க."

"வாய மூடிக்கினு ஓட்டு. நிறுத்தினா செத்தோம்," என்றாள் பக்கத்தில் இருந்த ஜெயசுதா.

நிறுத்த அவனுக்கு என்ன வேண்டுதலா? கம்பும் கோடாலியுமாக மறித்து நின்ற கூட்டம் கடைசி நொடியில் விலகியது. ஜீப் ரைஸ் மில் வாசலுக்குள் பாய்ந்து, நெல் காயவைக்கும் களத்தில் போய் நின்றது.

எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர் மாதம். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் புளியமரங்களை வெட்டி ரோட்டில் குறுக்கே சாய்த்திருந்தார்கள். இருந்த போலீஸ் அத்தனையும் நெடுஞ்சாலைக்குப் போய்விட்டது. கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு கொலை விழுந்தால் ஏனென்று கேட்க ஆளில்லை. அப்படிப்பட்ட நேரம் பார்த்துத்தான் கொலை விழுந்திருந்தது.

ஜெயசுதா திருக்கோவிலூர்க்காரி. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் க்ளெய்ம்களைத் தோண்டி எடுப்பது அவள் தொழில். மறியலில் மாட்டிக் கள்ளக்குறிச்சி லாட்ஜில் அடைந்து கிடந்தவளை, அவளுடைய டிரைவரும் உதவியாளனும் வாயாடியுமான வாஜித் விடிந்ததும் விடியாததுமாகக் கதவைத் தட்டி இழுத்து வந்திருந்தான். அடிவாரத்தில் ஒரு லாரி எரிந்து கிடக்கிறது, எப்படியும் உங்கள் மேசைக்குத்தான் வரப்போகிறது என்று சொன்னது சாக்கு. அந்த லாரியை எரித்தான், மலைக்குச் சைக்கிளில் போன ஒருவரை அடித்துக் கொன்றான் என்று சொல்லி இந்த மில்லில் அடைத்து வைத்திருந்த மறியல்காரன் வீரமுத்து, வாஜித்தின் கூட்டாளி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, ஒரே வாத்தியாரிடம் உதை. அதுதான் நிஜமான காரணம். வாசலில் கல்லெறிந்தது, அவனை அடித்துக் கொல்லக் காத்திருந்த கூட்டம்.

களத்தின் நடுவில் ஒரு மாட்டுவண்டி நின்றது. வண்டியில் கம்பளி போர்த்திய உடல். அதன் பக்கத்தில் அரிவாளைப் பிடித்தபடி ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். செத்துப்போன அம்மாசியின் தம்பி முனியன், கரியாலூர்க்காரன். அவன் கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. அதைப் பார்த்த வாஜித் ஜீப் சாவியைக் கழற்றாமலே இறங்கினான்.

"யாரு நீங்க?" என்று கேட்டான் முனியன்.

"லாரி எரிஞ்சா ஏன் எரிஞ்சுதுன்னு கேக்கற ஆளு," என்றாள் ஜெயசுதா.

முனியன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "எங்கண்ணன் செத்தத கேக்க ஒரு ஆளு வரல. லாரி எரிஞ்சத கேக்க ஜீப்பு போட்டுக்கினு வந்துட்டாங்க."

ஜெயசுதாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீங்க சொல்றது நியாயம். ரெண்டையும் கேக்கறேன். டைம் குடுங்க," என்றாள்.

"மாடு தண்ணி குடிச்சதும் வண்டி மலைக்குக் கெளம்பிடும். அதுக்குள்ள உள்ள இருக்கறவன் கதைய முடிச்சுட்டுத்தான் போவேன்," என்றான் முனியன்.

மாடுகள் அப்போதுதான் தொட்டியில் வாயை வைத்தன. வாஜித் அந்த மாடுகளைப் பார்த்து, மெதுவாகக் குடிங்கடா செல்லங்களா என்று மனசுக்குள் கெஞ்சினான்.

மில் கதவை அடைத்துக்கொண்டு நெல் வாரும் இரும்புச் சட்டுவத்தோடு நின்றாள் ராணியம்மாள், மில்லின் சொந்தக்காரி. சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருந்தது. வீரமுத்துவைத் தவிட்டு ரூமில் தள்ளிப் பூட்டியவள் அவள்தான். காப்பாற்றவா பிடித்து வைக்கவா என்று அவளுக்கே தெளிவில்லை. "எம் மில்லுல ரத்தம் சிந்தக்கூடாது. வெளிய இன்னா வேணா பண்ணிக்கோங்க," என்று மட்டும் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜெயசுதா பின்னால் நிற்க, தவிட்டு ரூம் ஜன்னல் கம்பி வழியாக வாஜித் எட்டிப் பார்த்தான். வீரமுத்து மூலையில் குந்தியிருந்தான். முகம் தவிடும் ரத்தமுமாக இருந்தது. வலது கையின் இரண்டு விரல்கள் கோணலாகத் தொங்கின.

"யார்ரா பண்ணது?" என்றான் வாஜித்.

"செத்தவரோட தம்பி. கல்லு மேல வெச்சு இன்னொரு கல்லால போட்டாரு." வீரமுத்து ஜன்னலுக்கு அருகே நகர்ந்து வந்தான். "வாஜித்து, நான் அந்த சைக்கிளப் பாக்கவே இல்லடா. ராத்திரி வெட்டுன மரத்தண்ட ஒக்காந்துக்கினு இருந்தேன். அரங்கநாதன் லாரி ஃபுல் லைட்டு போட்டுக்கினு வந்து, மரத்துக்கும் வரப்புக்கும் நடுவுல பூந்து போச்சு. அந்த லைட்டு கூசுனதுல எனக்கு எதுரே இருட்டு. அந்தாண்ட ஒரு சத்தம் கேட்டுது. அப்பறம் தீ எரிஞ்சுது. அவ்ளோதான் தெரியும். சைக்கிள் போனதே எனக்குத் தெரியாது."

"அத சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னேன்டா. வயலுக்கு நடுவுல படுத்திருந்த அரங்கநாதனுக்கே சைக்கிளு தெரிஞ்சுது, ரோட்டோரம் இருந்த ஒனக்குத் தெரியலியாடான்னு கேட்டுக் கேட்டு அடிக்கிறாங்க."

உண்மையைச் சொன்னால், வாஜித்துக்கே ஒரு நொடி சந்தேகம் தட்டியது. கூட்டாளியைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று தன் தொடையில் தானே குத்திக்கொண்டான்.

லாரிக்காரர் அரங்கநாதனைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாகக் கூட்டத்துக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மீசை முளைக்கும் முன்னாலேயே லாரி ஓட்ட ஆரம்பித்து, இன்றைக்குச் சொந்த லாரியும் கிணற்றுப் பாசனமுமாக இருப்பவர். ஜெயசுதா இன்சூரன்ஸ் என்று சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மொதல்லர்ந்து சொல்லுங்க," என்றாள் ஜெயசுதா.

"மறியல்னு சொல்லி லாரிய ரெண்டு நாளா ரோட்டோரம் நிறுத்தி வெச்சிருந்தேம்மா. மரவள்ளிக் கெழங்கு லோடு. நான் வயலுக்கு நடுவுல மோட்டார் கொட்டாயில படுத்திருந்தேன். வெளிச்சம் தெரிஞ்சு எழுந்து பார்த்தா லாரி பத்திக்கினு எரியுது. அந்தப் பய வீரமுத்து அங்க நிக்கிறான். அந்நேரம் பார்த்து அம்மாசி சைக்கிள்ல வந்தாரு. தீயப் பார்த்துட்டு மலைப்பக்கம் வேகமா மிதிச்சாரு. சாட்சி போயிடக்கூடாதுன்னு இவன் தொரத்திப் போயி மண்டையில போட்டுட்டான்."

"அவ்வளவு தூரத்துல, இருட்டுல, சைக்கிள்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பின்னாடி டேஞ்சர் லைட்டு இருக்குதே. தீ வெளிச்சம் பட்டு தணலாட்டம் எரிஞ்சுது. கண்ணு கூசிச்சு. அது வெச்சுதான் சைக்கிளுன்னே தெரிஞ்சுது."

"லாரி ஹெட்லைட் எதுவும் எரியலியா?"

"நின்ன வண்டிக்கு எதுக்கும்மா ஹெட்லைட்டு? தீ ஒண்ணுதான் வெளிச்சம்."

ஜெயசுதா தலையை ஆட்டினாள். அவள் உதட்டோரத்தில் ஒரு சின்ன அசைவு வந்து போனது. இந்த அசைவைப் பார்த்தால் வாஜித்துக்கு உடம்பெல்லாம் உற்சாகம் வந்துவிடும். யாரோ மாட்டப்போகிறார்கள் என்று அர்த்தம்.

அதற்குள் கூட்டம் பொறுமையை இழந்தது. அரங்கநாதனின் ஆள் ஒருவன், "இன்னும் இன்னாத்துக்குப் பேச்சு, இழுத்துப் போடுங்கடா வெளிய," என்று கத்திக்கொண்டு ராணியம்மாளைத் தள்ளினான். அவள் சட்டுவத்தை வீசினாள். அது அவன் முழங்காலில் இறங்க, அவன் அலறி உட்கார்ந்தான். பத்துப் பேர் பாய்ந்தார்கள். குறுக்கே விழுந்த வாஜித்தின் வாயில் ஒரு குத்து விட்டான் ஒருவன். இன்னொருவன் அவன் கழுத்தைச் சுவரோடு சேர்த்து அமுக்கினான். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது.

"முனியன்," என்று கூப்பிட்டாள் ஜெயசுதா. கூச்சலுக்குள் அவள் குரல் தனியாகக் கேட்டது. "ஒங்கண்ணன யாரு கொன்னாங்கன்னு ஒங்க கண்ணாலயே பார்க்கறீங்களா? பார்த்தப்பறம் யார வேணா வெட்டுங்க. நான் தடுக்கல."

முனியன் அரிவாளின் பின்பக்கத்தால் அமுக்கியவனை ஒரு தட்டுத் தட்டினான். வாஜித்தின் கழுத்தைப் பிடித்திருந்த கை விலகியது. "காட்டு," என்றான்.

"அம்மாசியோட சைக்கிளக் கொண்டாங்க. நீங்க வாங்க, இந்தம்மா வரட்டும், அரங்கநாதன் சாரும் வரட்டும். போதும்."

நெல் மூட்டை அடுக்கும் கிடங்கில் ஜன்னலுக்கெல்லாம் சாக்கு அடித்திருந்தது. ராணியம்மாள் தகரக் கதவை இழுத்து மூடித் தாழ்ப்பாள் போட்டதும், பட்டப்பகலில் உள்ளே கும்மிருட்டு. ஹேண்டில்பார் கோணிப்போன சைக்கிளைக் கிடங்கின் கடைசியில், பின்பக்கம் தங்களைப் பார்க்கும்படி ஜெயசுதா நிறுத்தினாள். பின் மட்கார்டில் அந்தச் சிவப்பு வில்லை உடையாமல் இருந்தது.

"வாஜித்து, இந்தா டார்ச்சு. கதவாண்ட நில்லு. கன்னத்தோட ஒட்டிப் பிடிச்சுக்கோ. சைக்கிள் மேல அடி."

"யக்கா, கன்னம் ஏற்கெனவே வீங்கிக்கினு கீது."

"இன்னொரு கன்னம் கீதில்ல?"

மற்ற மூன்று பேரையும் பக்கவாட்டுச் சுவரோரமாக, வாஜித்தை விட்டுத் தள்ளி நிறுத்தினாள். "அரங்கநாதன் சார், நீங்க வயல்ல நின்ன மாதிரி இங்க ஓரமா நில்லுங்க. வாஜித்து கையில இருக்கறதுதான் தீ. அந்த சிவப்பு எரியுதான்னு பார்த்துச் சொல்லுங்க. வாஜித்து, போடு."

வாஜித் பொத்தானை அழுத்தினான். இருட்டின் கடைசியிலிருந்து ஒரு சிவப்பு அவன் கண்ணுக்குள் வந்து அறைந்தது.

"யம்மா, இன்னா எரி எரியுது," என்றான் அவன், தன்னையறியாமல்.

"எரியுதுங்களா சார்?" என்றாள் ஜெயசுதா.

"எரியுதே," என்றார் அரங்கநாதன். "இதே மாதிரிதான். தணலாட்டம்."

அரங்கநாதனின் தோளை ஒட்டி நின்ற ராணியம்மாள் கேட்டாள், "இன்னா எரியுது? எனக்கு சைக்கிள் நெழலாட்டம் தெரியுது. செவப்பும் காணோம், ஒண்ணும் காணோம்."

"எனக்கும் எரியல," என்றான் முனியன்.

"வயசாச்சு ஒங்களுக்கெல்லாம், கண்ணு தெரியல," என்று சிரித்தார் அரங்கநாதன். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் முனியன் நடக்க ஆரம்பித்துவிட்டான். இருட்டுக்குள் நேராக வாஜித்திடம் வந்தான். அரிவாள் முனை வாஜித்தின் விலாவை உரசியது. டார்ச்சு பிடித்திருந்த கன்னத்தோடு தன் கன்னத்தை ஒட்டிவைத்து அவன் பார்த்தான். பீடி வாசனையும் வியர்வையும் அடித்தன. வாஜித் டார்ச்சை ஆட்டாமல் பிடித்துக்கொண்டான்.

முனியனின் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. அவன் விலகிச் சுவரோரம் போனான். திரும்ப வந்து பார்த்தான். மறுபடி போனான். மறுபடி வந்தான்.

"இங்க நின்னாதான் எரியுது," என்றான். "அங்க போனா செத்துப்போவுது."

"அது லைட்டு இல்ல முனியன். அதுக்குள்ள நெருப்பு இல்ல, பேட்டரி இல்ல," என்றாள் ஜெயசுதா. "முன்பக்கம் வழவழன்னு இருக்கும். பின்பக்கம் பூரா குட்டிக்குட்டி மூலைங்க, சுவரும் சுவரும் தரையும் சேருமே அந்த மாதிரி. ரூம் மூலையில பந்த எறிஞ்சா இங்கயும் அங்கயும் மோதி எறிஞ்சவன்கிட்டயே வருமில்ல, அதே கதைதான். வெளிச்சம் எங்கேர்ந்து வந்துச்சோ அங்கயே திருப்பி அனுப்பிடும். மொகம் பார்க்கற கண்ணாடி மாதிரி வேற பக்கம் வீசாது. ஓரமா நிக்கறவன் கண்ணுக்கு ஒரு சொட்டுகூட வராது. வேணும்னுதான் அப்படிச் செஞ்சு வெச்சிருக்காங்க. பின்னால வர்ற டிரைவர் ஒருத்தன் கண்ணுல படணும், அவ்வளவுதான் அதோட வேலை."

அவள் அரங்கநாதன் பக்கம் திரும்பினாள்.

"அந்த ராத்திரி அம்மாசியோட டேஞ்சர் லைட்டு தணலா எரிஞ்சத பார்க்கணும்னா ரெண்டே எடம்தான் சார். ஒண்ணு, எரியிற லாரிக்குள்ள. இன்னொண்ணு, எரியாத லாரிக்குள்ள, ஸ்டீரிங்குக்குப் பின்னால, ஹெட்லைட்டு போட்டுக்கினு. ஒங்க உடம்புல ஒரு தீக்காயம்கூட இல்ல."

ராணியம்மாளின் கையிலிருந்த சட்டுவம் தரையில் உரசியது.

"வீரமுத்து ரோட்டோரம் இருந்தான், அதனால அவனுக்குத் தெரியல. தெரியலன்னு சொன்னதுக்கு வெரல ஒடச்சாங்க," என்றாள் ஜெயசுதா. "நீங்க பார்த்தது நெஜம். அதுல பொய்யே இல்ல. சின்ன வயசுலேர்ந்து ஸ்டீரிங்குக்குப் பின்னாலயே வாழ்ந்துட்டீங்க. ராத்திரியில சைக்கிள்னா ஒங்களுக்கு அந்த சிவப்பு எரியாம இருந்ததே இல்ல. எல்லார் கண்ணுக்கும் அப்படித்தான் எரியும்னு நெனச்சிட்டீங்க. கெழங்கு கெட்டுப்போறதுக்குள்ள லோடு போய்ச் சேரணும்னு மறியல உடைச்சீங்க. அம்மாசிய தட்டிட்டு, மறியல்காரன் தலையில போட லாரியயே கொளுத்தினீங்க."

வாஜித் டார்ச்சை அரங்கநாதனின் முகத்துக்குத் திருப்பியதுதான் தப்பாகப் போயிற்று. மூட்டையோரம் கிடந்த கடப்பாரையை அவர் எடுத்து வீசியது கடைசியில்தான் தெரிந்தது. முழங்கையில் விழுந்த அடியில் டார்ச்சு பறந்தது. வாஜித் அலறிக்கொண்டு மூட்டைகளின் மேல் சரிந்தான். இருட்டில் யாரோ ஓடினார்கள், யாரோ விழுந்தார்கள். கதவுத் தாழ்ப்பாள் தடதடவென்று ஆடியது.

"எம் மில்லுல ரத்தம் சிந்தக்கூடாதுன்னு சொன்னேன்," என்றாள் ராணியம்மாள் இருட்டில். அடுத்து சட்டுவம் எலும்பில் மோதும் சத்தம் கேட்டது. தன் விதியைத் தானே மீறிவிட்டாள் மகராசி.

ஜெயசுதா ஜன்னல் சாக்கைப் பிய்த்து எறிந்தாள். வெளிச்சம் விழுந்தபோது அரங்கநாதன் கதவடியில் கிடந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். முனியன் அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, அரிவாளைக் கழுத்தில் வைத்திருந்தான்.

"எங்கண்ணன் உடனே செத்தானா?" என்று கேட்டான்.

"அவன் ஒதுங்கியிருக்கணும்," என்று முனகினார் அரங்கநாதன். "ஹாரன் அடிச்சேன். ஒதுங்கல."

"உடனே செத்தானா?"

அரங்கநாதன் கண்ணை மூடிக்கொண்டார். "தண்ணி கேட்டாரு," என்றார்.

அரிவாள் கழுத்தில் அழுந்தியது. ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. வாஜித்துக்கு, சும்மா சொல்லக்கூடாது, வெட்டட்டும் என்றுதான் இருந்தது. வீரமுத்துவின் விரல்கள் அவன் கண்ணிலேயே நின்றன.

"வெட்டுங்க," என்றாள் ஜெயசுதா. "ஆனா ஒண்ணு. இப்ப இவன் வாயால சொன்னத கேட்டது நாம நாலு பேரு. இவன் செத்துட்டா, வெளிய இருக்கற கூட்டம் நம்பாது. அம்மாசிய கொன்னது வீரமுத்துன்னுதான் ஊரு பேசும். ஒங்கண்ணன் எப்படிச் செத்தாருன்னு ஒரு நாளும் வெளிய வராது."

முனியன் அரிவாள் முனையை அரங்கநாதனின் சட்டையில் துடைத்தான். பிறகு அரிவாளை மூட்டையின் மேல் வைத்தான். எழுந்து, ராணியம்மாளிடம் கையை நீட்டினான். அவள் ஒன்றும் கேட்காமல் சாவிக்கொத்தைக் கொடுத்தாள்.

தவிட்டு ரூம் கதவை அவன் திறந்தபோது, வாஜித் ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். முனியன் கையில் ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே இருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? அலறலும் அடி விழும் சத்தமும் கேட்டு, அடுத்தது நான்தான் என்று காத்திருந்தவன் அவன். கதவு திறந்ததும், எங்கிருந்தோ பிடுங்கிய இரும்புக் குழாயை இடது கையால் வீசினான். அது முனியனின் நெற்றியைப் பிளந்தது. முனியன் மண்டியிட்டு விழுந்தான். குழாய் மறுபடி மேலே போனது.

"டேய் வீரமுத்து, போதும்டா, விட்றா," என்று கத்தினான் வாஜித்.

முனியன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. புருவத்தில் வழிந்த ரத்தத்தையும் துடைக்கவில்லை. "இன்னும் ஒண்ணு அடிச்சுக்கோ," என்றான். "நான் ரெண்டு வெரல ஒடச்சேன்."

குழாய் கீழே விழுந்தது. வீரமுத்து அப்படியே முன்னால் சரிந்தான். அவன் தரையில் விழுமுன் முனியன் பிடித்துக்கொண்டான். சிரமப்பட்டு எழுந்து, அவனை முதுகில் ஏற்றிக்கொண்டான்.

களத்தில் கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. முனியனின் முகத்தில் ரத்தத்தைப் பார்த்ததும் கம்புகள் உயர்ந்தன. ஒரு கல் வந்து அவன் நெஞ்சில் விழுந்தது. அவன் நிற்கவில்லை.

"இவன் இல்ல," என்றான். "கொன்னவன் உள்ள கீறான். வாயால சொல்லிட்டான். இவன் இல்ல."

யாரோ அரங்கநாதன் எங்கே என்று கேட்டார்கள். ஒவ்வொரு கம்பாக இறங்கியது. முனியன் மாட்டுவண்டியைத் தாண்டி ஜீப்பை நோக்கி நடந்தான். அவன் முதுகில் கிடந்த வீரமுத்து அப்போதுதான் அழ ஆரம்பித்தான். காலையிலிருந்து எல்லோரிடமும் சொன்னதையே மறுபடி சொன்னான்.

"அண்ணே, நான் அந்த சைக்கிள பாக்கவே இல்லண்ணே."

"தெரியும்," என்றான் முனியன். "ஓரமா நின்னு நானும் பார்த்தேன். தெரியலப்பா."

வாஜித் முன்னால் ஓடி, நல்ல கையால் ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தான்.